யாரோடு விளையாடினாய், எங்கே சாப்பிட்டாய்? பெரியம்மையை ஒழித்த ஒரு கேள்வியின் வரலாறு

என் சிறுபராயத்தில், எங்கள் ஊரில் எந்த வீட்டிலாவது கொப்புளிப்பான் கண்டுவிட்டால் அன்று பொழுது படுவதற்குள் அவ்வீட்டுப் படலையில் வேப்பிலைக் கொத்தொன்று தொங்கும். தபாற்காரர் ஒழுங்கையில் நின்றபடியே மணியை அடித்துக் கடிதத்தை வேலியிற் செருகிவிட்டுப் போவார். அயலவர் சாப்பாட்டைப் படலையடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்புவர்.

எனக்குப் பத்து வயதாக இருக்கையில் அந்த வேப்பிலை எங்கள் வீட்டுப் படலைக்கும் வந்தது. உடம்பில் முதற் கொப்புளத்தைக் கண்டதும் என் அம்மம்மா மருந்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "ஆரோடையடா விளையாடினனீ? ஆற்றை வீட்டை சாப்பிட்டனீ?" நான் மூன்று வீடுகளின் பெயரைச் சொன்னேன். அரை மணித்தியாலத்துக்குள் அம்மூன்று வீடுகளுக்கும் மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அம்மம்மாவுக்குக் கிருமிகளைப் பற்றி எதுவும் தெரியாது. வந்திருப்பது அம்மாள் என்றே அவர் நம்பினார். ஆனால் அவர் வைசூரியைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அவரது கையில் அம்மைப்பால் குத்திய தழும்புகள் இரண்டு வட்டமாக இருந்தன. நோய் ஆளிலிருந்து ஆளுக்குப் போகிறது, ஆட்களின் வழியைக் கண்டால் நோயின் வழியைக் காணலாம் என்ற அறிவு அந்தத் தலைமுறையிடம் இருந்தது.

வைசூரி எனவும் பெரியம்மை எனவும் நாம் அழைத்த அந்நோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் சுமார் 30 கோடி மனிதர்களை அது கொன்றிருக்கும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. அதனை ஒழித்தது தடுப்பூசிதான். எனினும் தடுப்பூசி 1796ஆம் ஆண்டிலேயே எட்வேர்ட் ஜென்னரின் கைக்கு வந்துவிட்டது. அதன் பின்னரும் ஏறக்குறைய 180 ஆண்டுகள் நோய் இருந்துகொண்டே இருந்தது. கடைசிப் பத்தாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் என்ன? அந்த மாற்றத்தின் மையத்தில் இருந்தது என் அம்மம்மா கேட்ட கேள்விதான் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லோருக்கும் குத்து என்ற கொள்கை

பெரியம்மையை உலகளாவிய ரீதியில் ஒழிக்க வேண்டும் என்ற யோசனையை 1958ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தின் பிரதிநிதி விக்டர் ஷ்தானோவ் உலக சுகாதாரப் பேரவையில் முன்வைத்தார். அடுத்த ஆண்டே பேரவை அதனை ஏற்றுக்கொண்டது. அப்போது வகுக்கப்பட்ட வழி மிக எளிமையானது. ஒரு நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு எண்பது பேருக்கு ஊசி ஏற்றிவிட்டால் நோய் தானாகவே அற்றுவிடும் என்பதே அது.

இந்தியா 1962இல் இவ்வழியிற் தனது தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கானோருக்கு ஊசி ஏற்றப்பட்டது. ஆனால் நோய் அற்றுப்போகவில்லை. காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை நமது நாடுகளின் நிர்வாகத்தை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. ஊசி ஏற்றுபவர்கள் தமது எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். பாடசாலையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு ஏற்றுவது சுலபம். ஆகவே அதே பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்ப ஏற்றினர். சேரிகளிலும் புகையிரத நிலையங்களிலும் செங்கற் சூளைகளிலும் வாழ்ந்தோர், ஊர் ஊராக அலையும் கூலிகள், பிச்சைக்காரர் ஆகியோர் விடுபட்டனர். நோய் வாழ்ந்தது அந்த விடுபட்டவர்களிடையேதான். கணக்கில் எண்பது வீதம் நிறைந்தது. மிகுதி இருபது வீதத்தில் எவர் எவரோடு பழகுகிறார் என்பதை எவரும் கேட்கவில்லை.

இதற்கு மாறான வழியொன்று முன்னரே இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்ட்டர் நகர மக்கள் கட்டாய அம்மை குத்தலை வன்மையாக எதிர்த்தவர்கள். 1885ஆம் ஆண்டு அங்கு நடந்த எதிர்ப்பு ஊர்வலம் மருத்துவ வரலாற்றிற் பெயர் பெற்றது. கட்டாயப்படுத்த இயலாத நிலையில் அந்நகரின் சுகாதார அதிகாரிகள் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். நோய் கண்டால் உடனே அறிவித்தல், நோயாளியைத் தனிமைப்படுத்தல், அவரோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணித்தல் என்பனவே அவை. அது 'லெஸ்ட்டர் முறை' என்றே அழைக்கப்பட்டது. ஆனால் பெரும் திட்டங்கள் தீட்டப்பட்டபோது அதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

ஒகோஜாவில் ஓர் இரவு

1966ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். கிழக்கு நைஜீரியாவின் ஒகோஜாப் பகுதியில் ஒரு கிராமத்திற் பெரியம்மை போன்ற நோய் கண்டிருப்பதாக மிஷனரி ஒருவர் வானொலிச் செய்தி அனுப்பினார். அதனைப் பார்க்கச் சென்றவர் வில்லியம் ஃபேகி என்ற அமெரிக்க வைத்தியர். அப்போது அவருக்கு வயது முப்பது. மிக உயரமானவர். அவரைக் காட்டியே ஊர்த்தலைவர் ஒருவர் சனங்களைச் சந்தைக்கு அழைத்தாராம்: 'உலகத்திலேயே உயரமான மனிதனை வந்து பாருங்கள்' என்று. வந்தவர்களுக்கெல்லாம் ஊசி ஏற்றப்பட்டது.

ஒகோஜாவில் ஃபேகியின் பிரச்சினை வேறு. நாடு முழுவதற்குமான ஊசித் திட்டம் அடுத்த ஆண்டில்தான் ஆரம்பிக்கவிருந்தது. கையிலிருந்த மருந்து சொற்பம். அப்பகுதியில் உள்ள எல்லோருக்கும் அது போதாது. எவருக்கு ஏற்றுவது?

தொலைபேசி இல்லாத அப்பிரதேசத்தின் மிஷனரிகள் நாள்தோறும் இரவில் ஒரு குறித்த நேரத்தில் வானொலிக் கருவி மூலம் ஒருவரோடொருவர் பேசி நலம் விசாரிப்பது வழக்கம். அன்றிரவு ஃபேகி அந்த வானொலியில் இணைந்தார். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மிஷனரிக்கும் அவரவர் அயலிலுள்ள கிராமங்களை ஒதுக்கினார். ஆட்களை அனுப்பி ஒவ்வொரு கிராமத்திலும் அம்மை கண்டவர் உண்டா என விசாரித்து வருமாறு வேண்டினார். மறுநாள் இரவு அதே நேரத்தில் விடை வந்தது. நோய் எந்தெந்தக் கிராமங்களில் இருக்கிறது என்பது இருபத்து நான்கு மணித்தியாலத்திற் தெரிந்துவிட்டது.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. நோய் இனி எங்கே போகும்? தாம் ஒரு கிருமியாக இருந்தால் உயிர் பிழைப்பதற்கு எங்கே போவோம் என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொண்டனர். கிருமிக்குக் காலில்லை. நோயாளியின் சொந்தக்காரர் இருக்கும் ஊருக்கும் அவ்வூரார் போகும் சந்தைக்குமே அது போக முடியும். எந்தக் கிராமத்தார் எந்தச் சந்தைக்குப் போகிறார்கள், எங்கே பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள் என்பதை உள்ளூராரிடம் கேட்டறிந்தனர். நோய் பரவக்கூடிய மூன்று இடங்கள் தெரியவந்தன.

முதலில் நோய் கண்ட கிராமங்களிலும், எஞ்சிய மருந்தைக் கொண்டு அந்த மூன்று இடங்களிலும் ஊசி ஏற்றப்பட்டது. பின்னர் பார்த்தபோது, அம்மூன்றில் இரண்டு இடங்களுக்கு நோய் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அது வெளிப்பட்ட வேளையில் சுற்றியிருந்தவர்கள் பாதுகாக்கப்பட்டுவிட்டனர். சில வாரங்களில் தொற்று நின்றது. அப்பகுதி மக்களிற் பாதிப்பேருக்குக்கூட ஊசி ஏற்றப்படவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இளவயதில் விடுமுறைக் காலங்களிற் காட்டுத்தீ அணைக்கும் வேலைக்குப் போனவர் ஃபேகி. தீயைச் சுற்றியிருக்கும் விறகை அகற்றிவிட்டால் தீ தானாக அணையும் என்பது அவர் அங்கே கற்ற பாடம். ஒகோஜாவில் அவர் செய்ததும் அதுவே.

1967 மே 30ஆம் திகதி பியாஃப்ரா தனிநாடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பின்னர் இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்த அந்தப் போருக்கு முன்னரே, அந்தக் கிழக்குப் பிராந்தியத்திற் பெரியம்மை நின்றுபோயிருந்தது. சுமார் ஒரு கோடி 20 இலட்சம் மக்கள் வாழ்ந்த நிலத்தில் ஏறக்குறைய ஏழரை இலட்சம் பேருக்கே ஊசி ஏற்றப்பட்டிருந்தது. போருக்குள் வாழ்ந்த நமக்கு, அகதி முகாம்களில் வைசூரியும் சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் இருபது நாடுகளில் இறுதித் தொற்று 1970 மே மாதத்தில் நைஜீரியாவிற் பதிவானது.

இம்முறை வெற்றி பெற்றமைக்குப் பெரியம்மையின் இயல்பும் உதவியது. அக்கிருமி உடலிற் புகுந்து ஏறக்குறைய பன்னிரண்டு நாட்களின் பின்னரே காய்ச்சல் காணும். காய்ச்சலுக்கு முன் அது பிறருக்குத் தொற்றாது. நோய் கண்டவரை முகத்திலுள்ள கொப்புளமே காட்டிக்கொடுக்கும். கிருமி தொற்றி மூன்று நான்கு நாட்களுக்குள் ஊசி ஏற்றினாலும் பெரும்பாலும் தப்பலாம். எல்லாவற்றிலும் மேலாக, அது நெருங்கிப் பழகுவோரிடையே மாத்திரம் பரவும் நோய். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையிற் பல்லாண்டு பணியாற்றிய வைத்தியர் ஏ. ஆர். ராவ் இதனை அனுபவத்தால் உணர்ந்து எழுதியவர். பெரியம்மை பற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது. வட மாநிலங்கள் அந்நோயுடன் போராடிக்கொண்டிருந்த அந்நாட்களில், தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்கள் அதிலிருந்து விடுபட்டிருந்தன.

எரியும் வீட்டுக்கே தண்ணீர்

1973இன் பிற்பகுதியில் இந்தியாவில் இப்புதிய வழி முழு அளவிற் கையாளப்பட்டது. உத்தரப் பிரதேசம், பீஹார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களே எஞ்சியிருந்தன. பல்லாயிரம் சுகாதாரப் பணியாளர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையிலேந்தி ஊர் ஊராக, பின்னர் வீடு வீடாகச் சென்று 'இப்படி யாரையாவது கண்டீர்களா?' எனக் கேட்டனர். தகவல் தருவோருக்குப் பணப்பரிசு அறிவிக்கப்பட்டது. அது படிப்படியாக ஆயிரம் ரூபா வரை உயர்த்தப்பட்டது.

தேடத் தேட நோய் குவிந்தது. 1974ஆம் ஆண்டில் இந்தியாவிற் பதிவான நோயாளரின் தொகை ஒரு இலட்சத்து 88 ஆயிரம். அவ்வாண்டின் மே மாதத்திற் பீஹாரின் நிலைமை மிக மோசமாக இருந்தது. புதிய வழி தோற்றுவிட்டது, பழையபடி எல்லோருக்கும் ஊசி ஏற்றுவோம் என மாநில சுகாதார அமைச்சர் ஒரு கூட்டத்தில் வலியுறுத்தினார். அப்போது இந்திய இளம் வைத்தியர் ஒருவர் எழுந்தார். தாம் கிராமத்திற் பிறந்தவர் என்றும், தமது ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் எரியும் வீட்டுக்கே தண்ணீர் ஊற்றுவார்களேயன்றி ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஊற்றமாட்டார்கள் என்றும் அவர் சொன்னார். அமைச்சர் ஒரு மாத அவகாசம் கொடுத்தார். அம்மாதத்திற்குள் தொகை இறங்கத் தொடங்கியது. ஃபேகி பின்னாளில் எழுதிய நூலுக்கு 'எரியும் வீடு' என்ற பொருளிலேயே பெயரிட்டார்.

அந்நாட்களில் அறியப்பட்ட இன்னொரு விடயம் ஜாம்ஷெட்பூர் பற்றியது. இரும்பாலை நகரமான அங்கு வேலை தேடி வந்த கூலிகள் நோய் கண்டதும் ஊருக்குத் திரும்ப ரயில் ஏறினர். டாட்டாநகர் புகையிரத நிலையத்திலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பயணம் செய்தது. ஆயிரம் கிராமங்களில் அலைவதைவிட அந்த ஒரு நிலையத்தை அடைப்பது பயன் தந்தது. ஊசி ஏற்றியவருக்கே பயணச்சீட்டு என்ற கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது.

நம்மவர்களுக்கு இது விளங்காததல்ல. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கிய கொவிட் கொத்தணியை அடுத்துப் பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி உருவானதையும், அங்கு மீன் எடுக்கப் போன வியாபாரிகளின் வழியே அது இலங்கையின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்றதையும் நாம் கண்டோம். ஒகோஜாவின் சந்தையும் டாட்டாநகர் நிலையமும் பேலியகொடையும் ஒரே பாடத்தையே சொல்கின்றன.

இந்தியாவின் கடைசித் தொற்று 1975 மே 24இல் அறியப்பட்டது. பங்களாதேஷிலிருந்து வந்து அசாம் மாநிலத்தின் கரிம்கஞ்ச் ரயில் நிலையத்தில் தங்கியிருந்த வீடற்ற பெண்ணொருவரே அந்நோயாளி. அதே ஆண்டு ஒக்டோபரிற் பங்களாதேஷின் போலா தீவில் ரஹிமா பானு என்ற சிறுமிக்குக் கண்டதே, மூவரில் ஒருவரைக் கொல்லும் கடுமையான வகைப் பெரியம்மையின் இறுதித் தொற்று. அதனை அறிவித்து 250 டாக்கா பரிசு பெற்றவர் பில்கிஸுன்னிஸா என்ற எட்டு வயதுச் சிறுமி. சிறுமி பிழைத்துக்கொண்டாள்.

இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் மேர்க்கா நகர வைத்தியசாலையிற் சமையற்காரராக இருந்த அலி மாவோ மாலின். அம்மை கண்ட இருவரை ஏற்றிவந்த வாகனத்துக்கு வழிகாட்ட அவர் சில நிமிடங்கள் மாத்திரம் அதில் ஏறிச் சென்றார். 1977 ஒக்டோபர் 26இல் அவருக்குக் கொப்புளம் கண்டது. அவரோடு நேருக்கு நேர் பழகிய 161 பேர் தேடிக் கண்டறியப்பட்டனர். அந்நகரிலும் அயலிலும் இரண்டு வாரங்களில் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் அதிகமானோருக்கு ஊசி ஏற்றப்பட்டது. ஒருவருக்கும் தொற்றவில்லை. ஊசி வலிக்கும் என்று பயந்து தாம் தப்பித் திரிந்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்ன மாலின், போலியோ ஒழிப்புப் பணியில் ஊர் ஊராகச் சென்று தாய்மாரிடம் தன் கதையைச் சொல்லி வந்தார். அப்பணியிலிருக்கையிலேயே 2013 ஜூலையில் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார்.

நண்பனின் பெயரைச் சொல்

ஃபேகியும் அவரது சகாக்களும் அனுபவத்தாற் கண்டதற்குக் கணிதவியலாளரும் பௌதிகவியலாளரும் இருபதாண்டுகளுக்குப் பின்னர் விளக்கம் தந்தனர். 1991இல் ஸ்கொட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் ஒரு விசித்திரமான உண்மையை எழுதினார். பெரும்பாலானோருக்கு, தம்மைவிடத் தமது நண்பர்களுக்கே நண்பர்கள் அதிகம் என்பதே அது. சிந்தித்தால் காரணம் புரியும். ஒரு கிராமத்தில் நூறு பேரைக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் பழகும் ஒருவரின் பெயரைச் சொல்லச் சொன்னால், சந்தியிற் கடை வைத்திருப்பவர், சிகை அலங்காரம் செய்பவர், மருத்துவிச்சி, ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் பல தடவை வரும். வீட்டோடு இருக்கும் முதியவரின் பெயர் அரிதாகவே வரும். பலரோடு பழகுபவரே பலரின் வாயில் வருவார்.

இதனைத் தடுப்பூசிக்குப் பொருத்தியவர்கள் ரூவென் கோஹென், ஷ்லோமோ ஹவ்லின், டானியல் பென்-அவ்ரஹாம் ஆகிய மூவர். 2003இல் வெளியான அவர்களது ஆய்வின் யோசனை சுருக்கமானது. ஊரார் எல்லோருடைய தொடர்புகளையும் வரைபடமாக்கத் தேவையில்லை. கண்டபடி சிலரைத் தெரிந்தெடுங்கள். ஊசியை அவர்களுக்கு ஏற்றாமல், அவர்கள் பெயர் சொல்லும் நண்பருக்கு ஏற்றுங்கள். குறைந்த ஊசிகளைக் கொண்டு நோய் பரவும் வலையைத் துண்டு துண்டாக்கலாம் என்பது அவர்களது கணிப்பு.

அதனை நேரிற் சோதித்தவர்கள் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் ஆகிய இருவர். 2009இல் எச்1என்1 காய்ச்சல் பரவிய வேளையில் ஹாவார்ட் கல்லூரி மாணவர் 744 பேரை அவர்கள் அவதானித்தனர். ஒரு பகுதியினர் எழுமாற்றாகத் தெரியப்பட்டவர்கள். மறு பகுதியினர் அம்மாணவர்கள் நண்பர் எனப் பெயர் சொன்னவர்கள். பெயர் சொல்லப்பட்டவர்களிடையே நோய் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் முந்திப் பரவியதாக 2010இல் அவர்கள் வெளியிட்டனர். ஊசி எவருக்கு முதலில் என்பதற்கு மட்டுமன்றி, நோய் வருவதை முன்கூட்டி அறியவும் இது வழி காட்டியது.

ஆயினும் எல்லா நோய்க்கும் இவ்வழி ஒரேயளவிற் பொருந்தாது. கொவிட் நோய் காய்ச்சல் காணுமுன்னரே, சிலரிற் காய்ச்சல் காணாமலே தொற்றியது. பேருந்தில் அருகிலிருந்த முன்பின் தெரியாதவரின் பெயரை எவராற் சொல்ல முடியும்?

எபோலா நோய்க்கு அது பொருந்தியது. மேற்கு ஆபிரிக்காவில் 11,300க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட அத்தொற்றின் கடைசிக் கட்டத்தில், 2015இல் கினி நாட்டில் ஒரு புதிய தடுப்பூசி சோதிக்கப்பட்டது. நோயாளியோடு பழகியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என்று இரண்டு வளையங்களாக ஆட்களைப் பட்டியலிட்டு ஊசி ஏற்றினர். பெரியம்மைக் காலத்து முறையையே தாம் பின்பற்றுவதாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஊசி பெற்ற 5,837 பேரில், பத்து நாட்கள் கழிந்த பின் ஒருவருக்கும் நோய் காணவில்லை என்பது 2016 டிசெம்பரில் வெளியான முடிவு.

பட்டியல் யாருடைய கையில்?

வெற்றிக் கதையை இத்தோடு முடித்துவிடலாம். பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு அது முடிவதில்லை.

அதே ஊசி 2018 ஓகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை கிழக்குக் கொங்கோவிற் கையாளப்பட்டது. மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு அது ஏற்றப்பட்டது. இருந்தும் 3,470 பேரை நோய் தாக்கி 2,287 பேரைக் கொன்றது. ஊசியிற் குறையில்லை. நீண்டகாலப் போரில் அரசின்மீதும் ஆயுதக் குழுக்கள்மீதும் வெளியார்மீதும் நம்பிக்கையிழந்திருந்த அம்மக்கள், தம் உறவினரின் பெயரைச் சொல்ல அஞ்சினர். சுகாதார ஊழியர் ஆயுதக் காவலுடன் வந்தபோது அச்சம் மேலும் கூடியது. நோய் கண்டவர்களிற் பலர் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. 2019 ஏப்ரலிற் புட்டெம்போ நகர வைத்தியசாலையில் வைத்து உலக சுகாதார ஸ்தாபனத்தின் வைத்தியர் ரிச்சர்ட் முசோக்கோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெரியம்மை ஒழிப்பிலும் இருண்ட பக்கம் உண்டு. இறுதிக் கட்டத்தில் இந்தியாவிலும் பங்களாதேஷிலும் பல இடங்களில் இரவில் வீடு புகுந்து, ஆட்களைப் பிடித்து வைத்து ஊசி ஏற்றினர். சிங்பூம் மாவட்டத்தின் ஹோ பழங்குடித் தலைவர் ஒருவரின் கதவை உடைத்துப் புகுந்ததை அக்குழுவிலிருந்த அமெரிக்க வைத்தியர் லோரன்ஸ் பிரில்லியன்ட் தாமே எழுதியிருக்கிறார். போராடித் தோற்ற அம்மனிதர், எல்லாம் முடிந்ததும் தம் தோட்டத்து வெள்ளரிக்காயைப் பறித்து வந்தவர்களுக்குக் கொடுத்தாராம். எதிர்ப்பது தமது தர்மம், அது முடிந்துவிட்டது, இனி நீங்கள் என் வீட்டு விருந்தினர் என்பது அவர் சொன்னதன் பொருள். அப்பெருந்தன்மையை எல்லோரிடமும் எதிர்பார்க்க எவருக்கும் உரிமையில்லை.

தடுப்பூசியின் பெயரால் ஒற்றறிந்த வரலாறும் உண்டு. 2011இல் பாகிஸ்தானின் அபொட்டாபாத்தில் ஒசாமா பின் லாடனைத் தேடுவதற்காக அமெரிக்க உளவு நிறுவனம் போலியான தடுப்பூசித் திட்டமொன்றை நடத்தியது. அதன் பின்னர் போலியோ ஊழியர்கள் பலர் அந்நாட்டிற் கொல்லப்பட்டனர். இனி அவ்வாறு செய்வதில்லை என 2014இல் அமெரிக்கா வாக்களித்தது. சிங்கப்பூரிற் கொவிட் தொடர்பறியும் கருவி அந்நோக்கத்துக்கு மட்டுமே பயன்படும் என மக்களுக்குச் சொல்லப்பட்டது. குற்ற விசாரணைக்குப் பொலிஸார் அத்தகவலைப் பெறமுடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளியானது. எழுந்த அதிருப்தியை அடுத்து, கடுமையான குற்றங்களுக்கு மாத்திரம் என அதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2020இற் கொவிட் ஒழிப்புக்கான தேசிய மையம் இராணுவத் தளபதியின் தலைமையில் இயங்கியது. தொற்றாளரோடு பழகியவர்களைத் தேடும் பணியிற் புலனாய்வுப் பிரிவினர் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் வேலையைத் திறமையாகச் செய்தனர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அத்திறமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை வடக்கு, கிழக்கிலுள்ளோர் அறிவர். எனக்குத் தெரிந்த குடும்பத் தலைவர் ஒருவர் அந்நாட்களில் மரணவீடொன்றுக்குப் போய்வந்ததை ஒரு வாரம் மறைத்தார். காய்ச்சல் காணவே ஒப்புக்கொண்டார். "ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று கேட்டேன். "வைத்தியர் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் தம்பி. வந்தவை முந்தி என்ரை மகனைக் கேட்டு வந்தவை மாதிரி இருந்தினம்" என்றார். அந்த மகன் திரும்பி வரவில்லை.

1983 ஜூலையிற் கொழும்பு வீதிகளிற் திரிந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது அவர்களுக்கு இலக்கம் வாரியாகத் தெரிந்திருந்தது. வாக்களிப்பதற்கென நாமே கொடுத்த பெயர்கள் அவை. அன்று உயிர் தப்பியவர்களிற் பலர் இன்று ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இதனை வாசிக்கக்கூடும். பட்டியலில் பெயர் இருப்பது பற்றி அவர்களுக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இதனாற் தொடர்பறியும் முறையே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அது இல்லாவிட்டால் ஒகோஜாவும் பீஹாரும் மேர்க்காவும் இல்லை. அடுத்த பெருந்தொற்று வரும்போது எவர் எவரோடு பழகுகிறார் என்பதை அறிய ஆட்களை அனுப்பவேண்டிய தேவையும் இராது. நமது கைத்தொலைபேசிகள் அதனை ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கின்றன. ஊசி குறைவாகவும் ஆட்கள் அதிகமாகவும் இருக்கும் முதல் மாதங்களில் அவ்வறிவு பல உயிர்களைக் காக்கும். அதற்காகவே சில நிபந்தனைகளை நாம் இப்போதே கேட்க வேண்டும். நோய்க்காகத் திரட்டியது நோய்க்கு மட்டுமே பயன்படும் என்பது வாக்குறுதியாக அன்றிச் சட்டமாக இருக்க வேண்டும். தேவை முடிந்ததும் அது அழிக்கப்பட வேண்டும். படலைக்கு வருபவர் சுகாதாரப் பரிசோதகராக அல்லது குடும்ப நல மருத்துவமாதுவாக இருக்க வேண்டும், சீருடைக்காரராக அல்ல.

ஒகோஜாவில் விடை இருபத்து நான்கு மணித்தியாலத்தில் வந்ததற்கு வானொலிக் கருவி மாத்திரம் காரணமல்ல. கேட்கப் போனவர்கள் அவ்வூர் மொழி தெரிந்தவர்கள், முன்பே அறிமுகமானவர்கள். அம்மம்மா கேட்டபோது நான் மூன்று வீட்டின் பெயரையும் மறைக்காமற் சொன்னேன். அந்த மூன்று வீடுகளுக்கும் மாமா செய்தியோடு மட்டும் போகவில்லை, ஆளுக்கொரு வேப்பிலைக் கொத்தும் இளநீரும் கொண்டுதான் போனார்.